திடீர் செவித்திறன் இழப்புக்கும் காது இரைச்சலுக்கும் ஆக்சிஜன் சிகிச்சை: காக்ரேன் மதிப்பாய்வு பற்றிய ஒரு திறனாய்வு

திடீரென ஒரு காது கேளாமல் போனவர்களுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பயன் தருமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விடை, காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு ஆகும். ஆஸ்திரேலிய மருத்துவர் மைக்கேல் பென்னட்டும் அவருடைய குழுவினரும் எழுதிய இம்மதிப்பாய்வு முதலில் 2005இல் வந்தது. 2007இலும் 2012இலும் புதுப்பிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அதன் எண்களை எவ்வாறு படிக்க வேண்டும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் ஊர்களில் வாழ்பவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலூரும் காக்ரேனும்

காக்ரேன் அமைப்பு 1993இல் தொடங்கப்பட்டது. ஒரு சிகிச்சையைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாகக் கூட்டி முடிவு சொல்வது அதன் பணி. ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரித்தானிய மருத்துவரின் பெயரை அது தாங்கியுள்ளது. இவ்வமைப்பின் தெற்காசிய மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கி வந்தது என்பதை நம் பகுதி மாணவர்களில் பலர் அறியார். இந்தியாவில் இணைய வசதி உள்ள எவரும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றிப் படிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிசெய்தது. சில மதிப்பாய்வுகளின் எளிய சுருக்கங்கள் தமிழிலும் வந்துள்ளன. ஆகவே இது எங்கோ இருக்கும் ஏட்டைப் பற்றிய பேச்சு அன்று.

நோய் எது?

மூன்று நாள்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவெண்களிலாவது 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைந்து, குறை உட்செவியிலோ செவி நரம்பிலோ இருந்தால் அதைத் திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு என்கின்றனர். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். காலையில் எழும்போதே காது அடைத்தாற்போல் இருப்பதாகப் பலர் சொல்வர். மிகப் பலருக்குக் கூடவே இரைச்சல் இருக்கும். சிலருக்குத் தலைசுற்றலும் இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் தெரிவதில்லை. அமெரிக்கக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு இது வருகிறது.

இந்நோயின் ஒரு பண்பை மனத்தில் கொள்ளாமல் எந்தச் சிகிச்சையையும் மதிப்பிட முடியாது. மருந்தே இல்லாமலும் பலருக்குக் காது திரும்பிவிடுகிறது. வெவ்வேறு ஆய்வுகளில் இவ்விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளது. எனவே "நான் இதைச் செய்துகொண்டேன், காது வந்துவிட்டது" என்ற கூற்று உண்மையாகவே இருந்தாலும் சான்று ஆகாது. செய்துகொள்ளாதவர்களுக்கு எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அழுத்த அறையில் நடப்பது

மூடிய அறை ஒன்றில் காற்றழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு வரை உயர்த்தி, நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வர். ஓர் அமர்வு ஏறத்தாழ 90 நிமிடம். 10 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். ஆழ்கடலில் மூழ்கி எழுபவர்களுக்கு வரும் அழுத்த நோயைத் தீர்க்க வளர்ந்த முறை இது.

பள்ளியில் படித்த ஹென்றி விதியே இதன் அடிப்படை. திரவத்தின்மேல் வாயுவின் அழுத்தம் கூடினால் அதில் கரையும் வாயுவின் அளவும் கூடும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லிலிட்டர் இரத்தத்தின் திரவப் பகுதியில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜனே கரைந்திருக்கும். மற்றது ஹீமோகுளோபினோடு சேர்ந்திருக்கும். 2.5 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் கரைந்த அளவு சுமார் 5 மில்லிலிட்டராகும். உட்செவியின் காக்ளியா ஆக்சிஜனை மிகுதியாகச் செலவிடும் உறுப்பு. அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனிக்கு மாற்று வழி இல்லை. இரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தால், கரைந்த ஆக்சிஜன் ஊடுருவிச் சென்று கேள்விச் செல்களைப் பிழைக்க வைக்கும் என்பது கருத்து.

கருத்து பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா நோயாளிக்கும் காரணம் இரத்த ஓட்டத் தடைதான் என்று நிறுவப்படவில்லை. வைரசும் நோய் எதிர்ப்பு மண்டலமும் சந்தேகிக்கப்படுகின்றன. விளக்கம் அழகாக இருப்பதால் மட்டும் சிகிச்சை வேலை செய்யும் என்று முடிவு கட்டக் கூடாது. அதனால்தான் மதிப்பாய்வு தேவைப்பட்டது.

மதிப்பாய்வின் முடிவுகள்

பென்னட் குழுவினர் சமவாய்ப்பு முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய 7 ஆய்வுகளைச் சேர்த்துக்கொண்டனர். மொத்தப் பங்கேற்பாளர்கள் 392 பேர். ஆய்வுகள் சிறியவை, பொதுவாகத் தரம் குறைந்தவை என்று அவர்களே சொல்லிவிடுகின்றனர். முக்கிய முடிவுகள் இவை:

1. கேட்கும் அளவில் 50 விழுக்காட்டுக்கு மேல் முன்னேற்றம் பெறும் வாய்ப்பு, ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு 1.53 மடங்கு, நம்பக எல்லை 0.85 முதல் 2.78 வரை. இது புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை.

2. 25 விழுக்காட்டுக்கு மேல் முன்னேற்றம் பெறும் வாய்ப்பு 1.39 மடங்கு, நம்பக எல்லை 1.05 முதல் 1.84 வரை. இது உறுதியான வேறுபாடு. கூடுதலாக ஒருவர் பயன்பெற 5 பேருக்குச் சிகிச்சை தர வேண்டும்; இதன் எல்லை 3 முதல் 20 வரை.

3. சராசரியாக 15.6 டெசிபல் கூடுதல் முன்னேற்றம், எல்லை 1.5 முதல் 29.8 வரை.

4. புதிதாக வந்த நோயில் இரைச்சல் குறைந்ததா என்பதை, ஆய்வுகள் சரியாகப் பதிவு செய்யாததால், கூட்டிப் பார்க்க இயலவில்லை.

5. ஆறு மாதம் கடந்த செவித்திறன் இழப்பிலும் இரைச்சலிலும் பயன் காணப்படவில்லை. இதற்காக இச்சிகிச்சையைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்று ஆசிரியர்கள் வெளிப்படையாகக் கூறுகின்றனர்.

எண்களைப் படிக்கும் முறை

முதல் முடிவைப் பார்த்து "பயனில்லை என்று நிரூபிக்கப்பட்டது" என்று சொல்வது பிழை. 0.85 முதல் 2.78 வரை என்றால், சற்றுத் தீங்கும் இருக்கலாம், ஏறத்தாழ மும்மடங்கு நன்மையும் இருக்கலாம். இரண்டில் எது என்று சொல்லப் போதிய ஆள்கள் இல்லை என்றே பொருள். தேர்வுக்கு வராத மாணவனைத் தோற்றவன் என்று எழுதுவதில்லை அல்லவா?

இரண்டாம் முடிவில் இரு வகை எண்கள் கலந்து வருகின்றன. 1.39 மடங்கு என்பது விகிதம். 5 பேருக்கு ஒருவர் என்பது வேறுபாடு. மதிப்பாய்வு அதை 22 விழுக்காடு என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆக்சிஜன் பெறாதவர்களில் 100க்கு ஏறத்தாழ 56 பேரும், பெற்றவர்களில் ஏறத்தாழ 78 பேரும் அந்த அளவு முன்னேறினர் என்று வருகிறது. விளம்பரம் எழுதுபவர் "78 விழுக்காடு வெற்றி" என்று போடுவார். அதில் 56 பேர் ஆக்சிஜன் இல்லாமலும் முன்னேறியிருப்பார்கள் என்பதைப் போட மாட்டார். இந்தக் கழித்தலை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் முடிவில் எல்லைகளைக் கவனியுங்கள். காது சோதிக்கும் கருவியில் ஒலியை 5 டெசிபல் படிகளாகத்தான் ஏற்றி இறக்குவர். 1.5 டெசிபல் முன்னேற்றம் ஒரு படிக்குள்ளேயே மறைந்துவிடும். 29.8 டெசிபல் முன்னேற்றமோ ஒருவரின் வாழ்க்கையையே மாற்றிவிடும். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதைத்தான் 15.6 என்ற எண் சொல்கிறது.

மதிப்பாய்வின் சிறப்புகள்

இம்மதிப்பாய்வின் முதல் சிறப்பு அதன் நேர்மை. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் உயர் அழுத்த மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். தம் துறைக்குச் சாதகமாக முழங்காமல், மருத்துவ முக்கியத்துவம் தெளிவாகவில்லை, எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார். அடுத்த சிறப்பு, புதிய நோயையும் பழைய நோயையும் தனித்தனியே பிரித்தது. இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் பழைய இரைச்சலால் துன்புறுவோர் எல்லோரும் அழுத்த அறைக்கு அனுப்பப்படுவர்.

குறைகள்

முதற்குறை அளவுகோலில் உள்ளது. டெசிபல் என்பது மடக்கை அளவு. அதில் விழுக்காடு காண்பது பொருத்தமற்றது. ஒருவருக்கு 40 டெசிபல் இழப்பு 30 ஆகிறது; முன்னேற்றம் 25 விழுக்காடு. அவர் எதிரில் இருப்பவர் பேச்சை ஓரளவு கேட்பார். இன்னொருவருக்கு 100 டெசிபல் இழப்பு 75 ஆகிறது. இதுவும் 25 விழுக்காடுதான். இவருக்குக் கருவி இல்லாமல் அந்தக் காதில் பேச்சு கேட்காது. இருவரையும் ஒரே கட்டத்தில் "முன்னேறியவர்" என்று அடைப்பது நோயாளியின் கேள்விக்கு விடை தராது. அவர் கேட்பது "பேச்சு புரியுமா, போன் பேச முடியுமா" என்பதே. பேச்சை உணரும் திறனை மையமாக வைத்து எழுதியிருந்தால் மதிப்பாய்வின் பயன் கூடியிருக்கும். பழியில் பாதி, அப்படி அளந்து பதிவு செய்யாத மூல ஆய்வுகளுக்கு உரியது.

இரண்டாம் குறை ஒப்பீட்டில் உள்ளது. மற்றக் குழுவினர் பெற்ற சிகிச்சை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. ஓர் ஆய்வில் இரத்தக் குழாயை விரிக்கும் மருந்தோடு ஒப்பிட்டனர். அவ்வகை மருந்துகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே இன்று அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. தானும் ஓடாத குதிரையோடு ஓடி வென்றால் அதை எப்படி மதிப்பது?

மூன்றாம் குறை தலைப்பில் உள்ளது. தலைப்பில் இரைச்சல் இடம்பெறுகிறது; உள்ளே புதிய நோயில் இரைச்சல் பற்றிக் கூட்டிச் சொல்ல எதுவுமில்லை. தலைப்பை மட்டும் படிப்பவர் இரண்டுக்கும் ஒரே சிகிச்சை என்று எண்ணிவிடுவார். வணிக நோக்கமுள்ளவர்களுக்கு இது வசதியாகிறது.

நான்காவது, ஏழு ஆய்வுகளும் ஜெர்மனி, இத்தாலி, துருக்கி ஆகிய நாடுகளில் நடந்தவை. இந்திய ஆய்வு ஒன்றும் இல்லை. உடற்கூறு எங்கும் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ளலாம். நோயாளி எத்தனை நாள் கழித்து வந்து சேர்கிறார் என்பது எங்கும் ஒன்றாக இராது. இச்சிகிச்சையில் நாள் கணக்குதான் முக்கியம்.

பின்னர் வந்த சான்றுகள்

2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 19 ஆய்வுகளையும் 2401 நோயாளிகளையும் திரட்டி, வழக்கமான மருந்தோடு ஆக்சிஜனையும் சேர்த்தால் பயன் கூடுகிறது என்றது. ஆனால் அவற்றுள் 3 மட்டுமே சமவாய்ப்பு ஆய்வுகள். 2022இல் சமவாய்ப்பு ஆய்வுகளை மட்டும் கொண்டு செய்த மற்றொரு தொகுப்பாய்வு ஏறத்தாழ 10 டெசிபல் கூடுதல் முன்னேற்றத்தைக் கண்டது; அதிலும் மொத்தம் 150 பேரே இருந்தனர். எண்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது உண்மை. பெரிய, தரமான ஆய்வு வேண்டும் என்று 2012இல் கேட்டது இன்னும் கேள்வியாகவே நிற்கிறது என்பதும் உண்மை.

2019ஆம் ஆண்டு அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி இதை நிதானமாகக் கையாள்கிறது. நோய் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டோடு சேர்த்து ஆக்சிஜன் சிகிச்சை தரலாம். முதல் சிகிச்சை பலிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் ஸ்டீராய்டோடு சேர்த்து முயலலாம். "தரலாம்" என்பதே சொல். "தர வேண்டும்" இல்லை. முழுமையாகக் குணமாகாதவர்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட முன்வர வேண்டும் என்று அதைவிட அழுத்தமாகச் சொல்கிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டின் சான்றும் வலுவானது என்று கூறிவிட முடியாது. 2013ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு 3 ஆய்வுகளை மட்டுமே கண்டெடுத்து, அதன் பயன் தெளிவாகவில்லை என்றது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை எந்த ஊரிலும் கிடைக்கும், விலை குறைவு, அன்றே தொடங்கலாம். சர்க்கரை நோயாளி போன்றவர்களுக்குக் கவனம் தேவை. ஆக்சிஜன் அறைக்கு இந்த வசதிகள் இல்லை.

தோல் தொழில் ஊர்களில் இதன் பொருள்

இங்கு காது கேளாமை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டேனரி டிரம்மும் இயந்திரமும். சதை நீக்கும் இயந்திரம், தோலைப் பிளக்கும் இயந்திரம், செதுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் நடுவில் இருபது ஆண்டு நின்றவர் வீட்டில் தொலைக்காட்சியை உரக்க வைப்பது நாம் அறிந்ததே. அந்த இழப்பு மெல்ல வரும், பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும், முதலில் 4000 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கும், போனது திரும்பாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாக இருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள் வைத்த வரம்பு. அதற்கு மருந்து, காதுக்கு அடைப்பானும் இயந்திரத்துக்குப் பராமரிப்பும்தான். அழுத்த அறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல்லாண்டு இரைச்சலால் துன்புறும் தொழிலாளிக்கு ஆக்சிஜன் அறையைக் காட்டி ஆசையூட்டுவது, மதிப்பாய்வின் ஐந்தாம் முடிவுக்கு நேர் எதிரானது.

இதன் மறுபக்கம் இன்னும் கவலை தருவது. சத்தமான இடத்தில் வேலை செய்பவருக்கு ஒரு காது திடீரென அடைத்தால், "மெஷின் சத்தம், சரியாகிவிடும்" என்றோ "அழுக்கு அடைத்திருக்கும்" என்றோ விட்டுவிடுவார். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குவார். சம்பள நாள் பார்த்து மருத்துவரிடம் போவார். அதற்குள் இரண்டு வாரம் போய்விடும். அந்த இரண்டு வாரம்தான் அமெரிக்க வழிகாட்டி பேசும் இரண்டு வாரம்.

வாயை மூடி "ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைப்பினால் வந்த குறையானால் ஒலி அடைத்த காதில் உரக்கக் கேட்கும். நரம்புக் குறையானால் நல்ல காதில் உரக்கக் கேட்கும். இது மருத்துவச் சோதனைக்கு மாற்று ஆகாது; ஆனால் அன்றே புறப்பட வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தரும். காது மூக்குத் தொண்டை மருத்துவர் காதைப் பார்த்து, கேட்புச் சோதனை எடுத்தால் விடை தெரிந்துவிடும். செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உண்டு. கூடவே பேச்சுக் குழறலோ, முகம் கோணலோ, கை கால் தளர்ச்சியோ இருந்தால் பக்கவாதத்தை எண்ணி உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் 50 கிலோமீட்டர்தான். இத்தனைக்கும் எந்த அழுத்த அறையும் வேண்டாம்.

பிறகு ஆக்சிஜன் சிகிச்சையை மருத்துவர் எடுத்துச் சொன்னால், குடும்பத்தார் கணக்கிட வேண்டியவை உண்டு. பெருநகரத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டுமென்றால், ஆம்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 20 நாள் தங்க வேண்டும். கூடவே ஒருவர் இருக்க வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு 20 நாள் கூலியும் ஒரு செலவுதான். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருப்பவர், நிபந்தனைகள் நிறைவானால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம்; ஒப்பந்தக் கூலிக்கு, பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு, இதுவும் இல்லை. தீங்குகளும் உண்டு. அழுத்தம் ஏறும்போது செவிப்பறையில் வலியும் காயமும் ஏற்படுவது சாதாரணம். மூடிய அறையில் அச்சம் வரலாம். சில வாரம் கிட்டப்பார்வை மாறலாம். அரிதாக வலிப்பு வரலாம். நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்த நிலை இருந்தால் அறைக்குள் போகவே கூடாது. ஆகவே நெஞ்சுப் படம் எடுக்காமல் அறைக்குள் அனுப்பும் இடத்தை நம்ப வேண்டாம்.

மதிப்பீடு

1996இல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை வலியுறுத்தியது. முழுச் சான்று வரும்வரை தீங்கைத் தடுக்காமல் காத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதே வாதத்தைச் சிகிச்சைக்கும் நீட்டி, "சான்று முழுமை இல்லாவிட்டாலும் செய்துவிடலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். ஆற்றைக் காப்பதில் காத்திருப்பதால் வரும் இழப்பு ஊராருக்கு. சிகிச்சையில் முந்துவதால் வரும் செலவும் தீங்கும் நோயாளிக்கு. இரண்டும் ஒன்றாகா.

இம்மதிப்பாய்வு அந்தச் செலவை எடைபோட ஒரு தராசைத் தருகிறது. தட்டில் வைக்கும் எடைக்கற்கள் குறைவு என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது. புதிதாக வந்த கடும் இழப்பு, இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டோடு சேர்த்து, வசதி அருகில் இருந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். பழைய இரைச்சலுக்கும் தொழிற்சாலைச் சத்தத்தால் வந்த இழப்புக்கும் வேண்டாம். மதிப்பாய்வையும் பின்னர் வந்த வழிகாட்டியையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒருவர் வாக்குறுதி தந்தால், எந்த ஆய்வு, எத்தனை பேர், ஒப்பிட்டது எதனோடு என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் இம்மூன்றையும் கேட்க முடியும். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.